பூட்டன் எங்கே பிறந்தான்?

மலையகப் பேரேடுகள் – பகுதி 11

சென்ற பகுதியில், மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி வழியாக மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தவர்களோடு நின்றோம். வழியில் வாந்திபேதி கண்டு விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று அக்கால அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். உன் கணக்கு பொய், என் கணக்கு மெய் என்று சண்டையும் போட்டிருக்கிறார்கள். விழுந்தவர் பெயர் என்ன, எந்த ஊர், யார் பிள்ளை என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அப்படியானால் இன்று ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ இருக்கிற ஒருவர் தன் பூட்டனைத் தேடப் புறப்பட்டால் எந்த வாசலில் போய் நிற்பது?

துரைமார் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். காகிதம் அங்கேதான் இருக்கிறது.

டிக்கோயாவுக்கு அப்பால், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் நிற்கிறது. அதைச் சுற்றி இருப்பவை அந்தக் காலத்துத் தோட்டத்துரைமாரின், அவர்கள் மனைவி மக்களின் கல்லறைகள். நுவரெலியாவிலும் கண்டியிலும் இப்படியான கல்லறைகள் நிறைய உண்டு. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி தீவு முழுவதும் இருந்த இத்தகைய கல்லறை எழுத்துகளைத் திரட்டி, ஒவ்வொருவரும் யார், எங்கிருந்து வந்தவர் என்ற குறிப்புகளோடு 1913இல் ஒரு தடித்த புத்தகமாகவே போட்டுவிட்டார். அது போக, பெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் வெளியிட்டு வந்த டிரெக்டரியைப் புரட்டினால் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை, எந்தச் சின்னதுரை என்று வரிசையாக இருக்கும். அந்தப் பெர்குசன்களும் ஸ்காட்லாந்துக்காரர்களே. அக்கரப்பத்தனையில் கிளென்லயன், பூண்டுலோயாவில் டன்சினன், தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ என்று தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களையே இந்த மலைகளுக்கும் வைத்துவிட்டுப் போனவர்கள் ஸ்காட்லாந்துத் துரைமார். பேரப்பிள்ளைகள் வந்து தேடினால் தோட்டத்தின் பெயரே பாதி வழி காட்டிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜேம்ஸ் டெய்லர். கின்கார்டின்ஷயரில் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரின் மகன். பிறந்தது 1835. ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளத்துக்கு மூன்று வருட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, 1851இல் பதினாறு வயதில் லண்டனில் கப்பலேறி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கொழும்பில் இறங்கினார். லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1892இல் அதே தோட்டத்தில் சீதபேதியில் மாண்டதும், கண்டி மஹியாவையில் அடக்கமானதும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட சங்கதிகள். இவை எப்படி இத்தனை துல்லியமாகத் தெரிகின்றன? அந்த மனிதர் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தகப்பன் வீட்டில் எறிந்துவிடவில்லை. அவை இப்போது எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரு சாதாரணத் தச்சர் குடும்பத்தின் கடிதக்கட்டு நூற்றைம்பது ஆண்டு தாண்டி நிற்கிறது. அந்தப் 19 ஏக்கரில் குழி வெட்டி, கன்று சுமந்து, நட்டவர்களின் பெயர்களைச் சொல்லும் புத்தகம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

இதை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரனுக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறது, நமக்கு எதுவும் இல்லை என்று முடித்துவிடலாம். அது முழு உண்மையும் ஆகாது. டெய்லர் கொழும்புக்குக் கப்பலேறிய அதே 1851இல், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளான சவுத் யுயிஸ்ட், பாரா இரண்டிலிருந்தும் கேணல் ஜோன் கோர்டன் என்ற நிலக்கிழார் தன் குடியானவர்கள் ஏறத்தாழ 1,700 பேரைக் கனடாவின் கியூபெக்குக்குக் கப்பலேற்றிவிட்டார். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வாடியவர்கள். ஏற மறுத்தவர்களைப் பிடித்து ஏற்றியதாகவும் சாட்சியங்கள் உண்டு. கியூபெக்கில் இறங்கும்போது உடுத்த துணி கூட ஒழுங்காக இல்லை என்று அங்கிருந்த குடிவரவு அதிகாரிகள் புகார் எழுதினார்கள். கியூபெக் துறைக்கு வந்த பயணிகளின் பெயர்ப்பட்டியல்கள் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டது 1865இலிருந்துதான். அதற்கு முந்தியவர்களை ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் தேடினாலும் கப்பல் பட்டியல் கிடைப்பது அரிது.

இன்னும் முந்தைய கதை ஹெக்டர் என்ற கப்பலுடையது. 1773இல் மலைநாட்டு ஸ்காட்டுக்காரர்கள் சுமார் இருநூறு பேரை லோக் புரூமிலிருந்து நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறைக்குக் கொண்டுபோனது. வழியில் அம்மையிலும் சீதபேதியிலும் குழந்தைகள் செத்துக் கடலில் போடப்பட்டார்கள். அந்தப் பயணிகளின் பட்டியலைக்கூட யாரோ பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்துதான் எழுதி வைத்தார்கள். இன்று கனடாவில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள்.

ஆக, ஏழை ஸ்காட்டுக்காரனையும் கப்பல்காரன் எழுதி வைக்கவில்லை. அவன் சந்ததி அவனைக் கண்டுபிடிப்பது வேறு வழியால். புறப்பட்ட ஊரில் கோயில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். 1855இலிருந்து ஸ்காட்லாந்து அரசு எழுதிய பிறப்பு, மணம், இறப்புப் பதிவுகள் இருக்கும். அவற்றில் இறந்தவரின் தாய் தகப்பன் இருவர் பெயரையும் கேட்டு எழுதினார்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் குடிசனக் கணக்கெடுப்பு வீட்டுக்கு வீடு பெயர் எழுதியது. கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எழுதினவன் இருந்ததால் நடுவில் இருந்த கப்பல் எழுதாதது பெரிய குறையாகப் போகவில்லை.

நம்முடைய இடத்தில் இரண்டு கரையுமே எழுதவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் போன தமிழர்களின் பெயர்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் எழுதப்பட்டது. மொரீசியசில் இன்னும் ஒருபடி மேலே போய், 1860களிலிருந்து ஆட்களின் புகைப்படத்தையும் எடுத்து வைத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பேரேடுகள் இருக்கின்றன. அங்கே போகிற ஒரு மொரீசியஸ் தமிழர் தன் பூட்டியின் முகத்தையே பார்த்துவிட்டு வர முடியும்.

அது பாசத்தில் செய்த வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கினவனுக்கு, ஓடிப்போனால் பிடித்து வர, காலம் முடிந்தால் கணக்குத் தீர்க்க, ஆள் யாரென்று தெரிந்தாக வேண்டும். அடிமைத்தனத்துக்கு அடுத்தபடி என்று சொல்லப்பட்ட முறைதான் அவர்கள் பெயரைக் காப்பாற்றித் தந்தது.

இலங்கைக்கு வந்தவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. இந்தியக் கூலிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இருந்த தடையிலிருந்து 1847இல் இலங்கைக்கு விலக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருக்கிற தீவு, சுதந்திரமாகப் போகிறான், சுதந்திரமாக வருகிறான் என்பது வாதம். ஒப்பந்தம் கிடையாது, அதனால் கைநாட்டு கிடையாது, பதிவு கிடையாது, பாதுகாவலர் என்று ஒரு அதிகாரியும் கிடையாது. எல்லாம் கங்காணி. துறையூர், முசிறி, நாமக்கல், ஆத்தூர் பக்கம் போய், முன்பணம் கொடுத்து, உறவுமுறை சொல்லி, ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். துறைமுகத்தில் அரசு அதிகாரி எண்ணிக்கொண்டது ஆண் இத்தனை, பெண் இத்தனை, சிறுவர் இத்தனை என்று மட்டுமே. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் கொழும்புக்கு வரும் வழியில் மூழ்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் கடலில் போனார்கள். அந்தக் கப்பலின் பெயர் நமக்குத் தெரிகிறது, அதில் இருந்தவர்கள் பெயர் தெரியாது.

தோட்டத்துக்கு வந்த பிறகாவது எழுதினார்களா என்றால், எழுதினார்கள்: கடனை. மலையகத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்லும் ‘துண்டு’ என்பது அதுதான். இந்தக் கங்காணியும் அவரது ஆட்கள் இத்தனை பேரும் இன்ன தொகையைக் கட்டினால் விடுவிக்கப்படுவார்கள் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். துண்டில் கங்காணி பெயர் இருக்கும், தொகை இருக்கும், தலை எண்ணிக்கை இருக்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அதை ஒழிக்கும் வரை இதுதான் ஒரு குடும்பம் தோட்டம் மாறியதற்கு இருந்த காகிதம்.

1901ஐ ஒட்டி தகரத் துண்டு முறை வந்தது. ஒரு சிறு தகர வில்லை. அதில் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் வெட்டியிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் ரயில், கப்பல், சாப்பாடு, முகாம் எல்லாம் ஆகும். செலவு எந்தத் தோட்டத்துக் கணக்கில் என்று எண்ணைப் பார்த்து எழுதுவார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்த பின் நடை குறைந்தது. தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமும் பின்னர் மண்டபம் முகாமும் வழியில் வந்தன. கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்றும், பிறகு இர்வின், கோஷன் என்றும் பெயர். வைஸ்ராய்களும் கவர்னரும் கப்பலாக மிதந்தார்கள், ஏறினவன் எண்ணாக இருந்தான்.

இந்த இடத்தில் தோட்டத்துக் கிளாக்கர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவேட்டில் பெயர் எழுதியவர்கள் அவர்கள். பெரட்டுக் களத்தில் காலை இருட்டில் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப ஒரு பெயர் வேண்டும். அதற்கு ராமசாமி என்றால் போதும். அதே தோட்டத்தில் நாலு ராமசாமி இருந்தால் எண் போட்டுக்கொள்வார்கள். லட்சுமி ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரி ஆங்கில எழுத்தில், அடுத்த தோட்டத்தில் வேறு மாதிரி. தகப்பன் பெயர் சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. கிளாக்கருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. நாள் சம்பளம் கணக்குத் தப்பாமல் இருந்தால் சரி. கையில் காகிதம் கேட்கிற காலம் ஒன்று வரும் என்று அவரும் நினைக்கவில்லை, ராமசாமியும் நினைக்கவில்லை.

வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் பிரஜை ஆக முடியாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேருமே இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். காட்டு பார்க்கலாம்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஸ்காட்லாந்துக்காரரின் பேரன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து கல்லறையைத் தேடுவது ஒரு ஆசை. கிடைத்தால் படம் எடுப்பான், கிடைக்காவிட்டால் நுவரெலியாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவான். நம்மவர்களுக்கு மூதாதையைத் தேடும் வேலையை ஒரு சட்டம் பரீட்சையாக வைத்தது. தோற்றவர்களுக்கு நாடு இல்லை. பாட்டன் பிறந்தபோது அதை எழுதி வைக்காத அதே ஆட்சிமுறையின் வாரிசுகள்தான் இப்போது பாட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் எத்தனை பேரிடம் பூட்டனின் பத்திரம் இருந்திருக்கும்? அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று எழுதினவருக்குத் தெரியும்.

1949இல் இரண்டாவது சட்டம்: இந்திய, பாகிஸ்தான் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். இதில் வம்சாவளிக்குப் பதில் வதிவு. மணமானவர் ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் வதிவு அறுந்தது. கிழவியைப் பார்க்க, குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்ட, தங்கச்சி கலியாணத்துக்கு என்று ஊருக்குப் போய்க் கொஞ்சம் அதிகமாகத் தங்கினவர் மாட்டிக்கொண்டார். முதல் சட்டத்தில் மூதாதையை இங்கே காட்ட முடியாதவன் வெளியே. இரண்டாவது சட்டத்தில் மூதாதையை அங்கே போய்ப் பார்த்தவன் வெளியே.

காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிப்பு என்றது; கடைசி நேரத்தில் விண்ணப்பியுங்கள் என்றது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். அவசரத்தில் எழுதி அனுப்பியவை உட்பட சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அறுபதுகளின் தொடக்கத்தில் கணக்கு முடிந்தபோது பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் 1,34,000 பேர் அளவில். தோட்டத்துச் செக்ரோலில் ஒரு எழுத்து, பிள்ளையின் பத்திரத்தில் வேறு எழுத்து என்பதெல்லாம் தள்ளுபடிக்குக் காரணமாயிற்று. கிளாக்கரின் கவனக்குறைவுக்குத் தண்டனை அனுபவித்தது அந்த நாலு ராமசாமிகளும். வழக்குத் தொடுத்துப் பார்த்தார்கள். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கோடக்கன்பிள்ளை வழக்கில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

தகப்பன் வழி என்று பேசும்போது இன்னொரு கூட்டத்தையும் விட்டுவிட முடியாது. மூதாதை ஸ்காட்லாந்திலும் திருச்சியிலும் ஒருசேர இருப்பவர்கள். துரைக்கும் கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் மலையகத்தில் குறைவில்லை, பேசப்படுவதுதான் குறைவு. பலருக்குப் பிறப்புப் பதிவில் தகப்பன் கட்டம் காலி. டிரெக்டரியில் பெயர், கல்லறையில் பெயர், சங்கத்தில் பெயர் என்று எங்கும் எழுதப்பட்ட மனிதர் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுதப்படவில்லை. நுவரெலியாவில் பெயின்டர் பாதிரியார் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவர்கள் இத்தகைய பிள்ளைகள். இந்தியாவில் காலிம்பொங்கில் கிரகாம் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1900இல் தொடங்கிய இல்லம் இன்னும் பெரியது. டார்ஜிலிங், அசாம் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை 1908 முதல் 1938 வரை நியூசிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே போனவர்கள் பலர் தங்கள் பிறப்பைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. பேரப்பிள்ளைகள் இப்போது தேடுகிறார்கள். அவர்களுக்குத் துரையான பூட்டன் எளிதில் கிடைக்கிறார், தோட்டத்தில் விடப்பட்ட பூட்டியின் பெயர்தான் அகப்படாமல் இழுக்கிறது.

மீண்டும் நம் கதை. 1964 அக்டோபர் 30: ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மறுபடியும் தலை எண்ணிக்கை. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். அனுப்பப்படுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வேண்டியிருந்தது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளையில் ஊர் எது, வட்டம் எது, மாவட்டம் எது என்று கேட்டார்கள். மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த ஊரின் பெயரை, கேட்டவன் முன்னால் சொல்ல வேண்டிய கட்டாயம். தெரிந்தவர்கள் சொன்னார்கள். தெரியாதவர்கள் பக்கத்து லயத்துக்காரர் சொன்ன ஊரைத் தங்கள் ஊராகச் சொன்னதும் உண்டு. ஆகவே தேடுகிறவர்கள் அந்த அட்டையில் இருக்கிற ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

நானுஓயாவிலும் ஹட்டனிலும் கோச்சி ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிப் போனவர்கள், 1984இல் அந்தக் கப்பல் நிற்கும் வரை, நான்கு லட்சத்துக்கும் மேல். அண்ணன் இந்தியாவுக்கு எழுதியிருப்பான், தம்பி இலங்கைக்கு எழுதியிருப்பான். இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் அந்தக் குடும்ப அட்டை தாயகம் திரும்பியோர் என்பதற்கான சான்றாகப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதில் தோட்டத்தின் பெயரும் குடும்பத்தார் பெயர்களும் வயதும் இருக்கும். இங்கே இருப்பவர் தன் பாட்டனின் தம்பி வழியைத் தேட அதைவிட நல்ல தாள் வேறு இல்லை.

தேட நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் தோன்றும் வரிசை இது. முதலில் வீட்டு டிரங்குப் பெட்டி. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பத்தின் நகலோ, தள்ளுபடிக் கடிதமோ, பிரஜாவுரிமைச் சான்றிதழோ இருந்தால் அதுதான் தங்கம். குடும்பத்தில் யார், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யாருக்கு யார் பிள்ளை என்பதை அந்தக் காகிதத்தைப் போல வேறு எதுவும் சொல்லாது. நம்மை வெளியே தள்ளுவதற்குக் கேட்ட கேள்விகளின் பதில்களே இன்று நம்மிடம் உள்ள முழுமையான வம்சாவளி. இதை ஒரு நன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

அடுத்தது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும்: 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ வழியில் வந்த சபைகளின் ஞானஸ்நானப் பதிவுகள். கத்தோலிக்கக் கோயில்களிலும் அப்படியே. அந்தக் காலத்தில் துரை எழுதாத பெயரை உபதேசியார் எழுதியிருப்பார்.

மற்றவர்களுக்குக் குலதெய்வம். ஊர்ப்பெயரைத் தலைமுறைகள் மறந்துவிடும். குலதெய்வத்தின் பெயரும் அதற்கு என்ன படையல், எந்த மாதம், ஆண்கள் மட்டுமா, பொங்கலா கிடாயா என்பதும் மறப்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் எல்லோருக்கும் பொது. காம்பராவுக்குள் தனியாகக் கும்பிடுகிற சாமி அப்படியல்ல. அந்தச் சாமிக்கு ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்த கதை பெரும்பாலும் எந்த ஊர் என்பதோடு சேர்த்தே சொல்லப்படும். முசிறி, துறையூர்ப் பக்கம் போய் ஊர்ப்பெயரைச் சொல்லி விசாரிப்பதைவிட, சாமி பெயரையும் படையலையும் சொல்லி விசாரிப்பது சீக்கிரம் ஆள்காட்டும். ‘சிலோனுக்குப் போனவங்க பங்காளிகளா?’ என்று கேட்கிற கிழவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இழவு வீட்டில் சொல்லப்படும் முறைகளையும், ஒப்பாரியில் வருகிற ஊர்ப்பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சி.வி. போன்றவர்கள் தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் திரட்டியபோது அப்படியான ஊர்ப்பெயர்களும் சேர்ந்தே தப்பின.

அதற்கும் அப்பால் போக நினைப்பவர்கள் தமிழ்நாட்டு நிலப்பதிவேடுகளைக் கேட்கிறார்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கங்காணியோடு புறப்பட்டு வந்தவர்களில் பெரும்பங்கு காணி இல்லாத பண்ணையாட்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். பட்டாவில் பண்ணையார் பெயர் இருக்கும். அந்தப் பண்ணையார் யார் என்று தெரிந்தால், அவருடைய சேரி எது என்று தெரியும்; தேடல் பெரும்பாலும் அந்தச் சேரி வரைக்கும் போய் நிற்கும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணத்தின்போது இளையவர்கள் பலர் முதல்முறையாக வீட்டுப் பெரியவர்களிடம் ஊர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டதைத் தேதியிட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். செக்ரோல் கிளாக்கர் செய்த தவறை நாமும் செய்ய வேண்டாம்: முழுப்பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தோட்டம், டிவிசன்.

மண்டபம் முகாமில் நம்மவர்களை நிறுத்தி வைத்து அம்மை குத்தி, துணியை ஆவியில் வேகவைத்துக் கொடுத்த கதையும், இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அந்த முகாம் 1980களில் இலங்கை அகதிகளுக்கே இருப்பிடமான கதையும் அடுத்த பகுதியில்.